எ, ஆன், தி: தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆர்ட்டிகிள் என்பது என்ன? விட்டுவிட்டால் குடிமுழுகிப் போகுமா?

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும் எ, ஆன், தி என்ற மூன்று குட்டிச் சொற்கள்தான் ஆர்ட்டிகிள். விட்டுவிட்டால் பெரும்பாலும் எதிராளிக்குப் புரிந்துவிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் தேர்வுத் தாளில், வேலை விண்ணப்பத்தில், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பும் மெயிலில் முதலில் கண்ணில் குத்துவது இந்தப் பிழைதான், ஏனென்றால் இந்தச் சொற்கள் வராத வரியே கிடையாது என்னும் அளவுக்கு வந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1960களில் சுமார் 10 லட்சம் சொற்களைத் தொகுத்து எண்ணிப் பார்த்தார்கள். அதில் ஏறத்தாழ 70,000 இடங்களில் இருந்தது 'தி'. சராசரியாகப் பார்த்தால் 14 சொல்லுக்கு ஒரு 'தி'. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் சொல் அதுதான். அதைத் தப்பாகப் போட்டால் எத்தனை தடவை தப்பாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கே எ, எங்கே தி? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முடியும். நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்பவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் 'தி'. தெரியாது, பலவற்றில் ஏதோ ஒன்று என்றால் 'எ' அல்லது 'ஆன்'. அவ்வளவுதான்.

பள்ளியில் நமக்கு வேறு மாதிரி சொல்லிக்கொடுத்தார்கள்: குறிப்பிட்ட பொருள் என்றால் 'தி', பொதுவான பொருள் என்றால் 'எ'. இது பாதிதான் சரி, மீதிப் பாதிதான் எல்லாரையும் குழப்புகிறது. நேற்று உங்களை ஒரு நாய் துரத்தியது என்று வையுங்கள். உங்களுக்கு அது மிகவும் குறிப்பிட்ட நாய்தான், நிறம், வால், பல் எல்லாம் ஞாபகம் இருக்கும். ஆனாலும் நண்பரிடம் 'எ டாக் சேஸ்ட் மீ' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் அவருக்கு அந்த நாயைப் பற்றி இன்னும் எதுவும் தெரியாது. அடுத்த வாக்கியத்திலிருந்து அது 'தி டாக்' ஆகிவிடும். ஆக, பொருளின் குணத்தைப் பார்க்காதீர்கள், கேட்பவரின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மற்ற விதிகளில் பெரும்பாலானவை இதிலிருந்து முளைத்தவைதான்.

தமிழில் இப்படி எதுவுமே இல்லையே, அதனால்தானே நமக்கு வரமாட்டேன் என்கிறது?

தனியாக ஆர்ட்டிகிள் என்று ஒன்று இல்லைதான். ரஷ்ய மொழி, ஜப்பானிய மொழி, சீன மொழி எதிலும் 'தி' போல ஒன்று கிடையாது. அந்த மொழிக்காரர்களும் நம்மைப் போலவேதான் தடுமாறுகிறார்கள். ஆனால் அந்த வேறுபாடே தமிழில் இல்லை என்று சொல்வதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருக்கிறது, வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது.

'நேற்று படம் பார்த்தேன்', 'நேற்று படத்தைப் பார்த்தேன்'. இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் ஏதோ ஒரு படம். இரண்டாவதைச் சொன்னால், நாம் முன்னால் பேசிக்கொண்டிருந்த அந்தப் படத்தை என்று கேட்பவருக்கே புரிந்துவிடும். முதலாவதற்கு 'எ மூவி', இரண்டாவதற்கு 'தி மூவி'. இரண்டாம் வேற்றுமை உருபான ஐ, அஃறிணைப் பெயர்களில் 'தி' செய்யும் வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது. 'பேனா கொடு' என்றால் எந்தப் பேனாவானாலும் சரி, 'பேனாவைக் கொடு' என்றால் உங்கள் கையில் இருக்கும் அந்தப் பேனா. ஆங்கிலத்தில் எழுதும்போது சந்தேகம் வந்தால் அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லி, ஐ ஒட்டுகிறதா என்று பாருங்கள்; ஒட்டினால் பெரும்பாலும் 'தி' போடலாம். உயர்திணைக்கு இது உதவாது, 'ஒரு பையனைப் பார்த்தேன்' என்று ஐ அங்கே பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும்.

எழுவாயிலும் இப்படி ஒன்று உண்டு. நிறுத்தத்தில் காத்திருக்கும்போது 'பஸ் வந்துடுச்சு' என்றால் நாம் ஏற வேண்டிய பஸ், 'தி பஸ்'. 'ஒரு பஸ் வந்துச்சு' என்றால் ஏதோ ஒன்று, 'எ பஸ்'.

நாம் செய்யும் தப்பு என்னவென்றால், 'தி' என்றால் 'அந்த' என்று மனப்பாடம் பண்ணிவிடுகிறோம். தமிழில் 'அந்த' வராத நூறு இடத்தில் ஆங்கிலத்தில் 'தி' வரும். வீட்டில் யாரும் 'அந்தக் கதவைச் சாத்து' என்று சொல்வதில்லை, 'கதவைச் சாத்து' என்றுதான் சொல்வோம், ஆங்கிலத்தில் அது 'க்ளோஸ் தி டோர்'. 'அந்த' என்பதற்கு நேரான சொல் 'தட்'.

முதல் தடவை சொல்லும்போதே 'தி' வருகிறதே, அது எப்படி?

நிறைய வரும். ஒன்றைச் சொன்னாலே அதோடு சேர்ந்த மற்றதெல்லாம் கேட்பவர் மனதில் வந்துவிடும். 'ஐ வென்ட் டு எ வெட்டிங்' என்று ஒரு கல்யாணத்தைச் சொல்லிவிட்டீர்கள் என்றால், கல்யாணம் என்றால் மணப்பெண் இருப்பாள், சாப்பாடு இருக்கும், மண்டபம் இருக்கும். அதனால் அடுத்து நேராக 'தி ப்ரைட்', 'தி ஃபுட்', 'தி ஹால்' என்று போகலாம். ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு ஒரு யானை வந்திருந்தால் அது 'ஆன் எலிஃபன்ட்' தான், எல்லாக் கல்யாணத்திலும் யானை இருப்பதில்லையே.

ஒன்றே ஒன்றுதான் உண்டு என்ற பொருள்களுக்கும் இதே காரணம்: தி சன், தி மூன், தி ஸ்கை. ஃபர்ஸ்ட், பெஸ்ட், ஒன்லி, சேம் என்ற சொற்களுக்கு முன்னால் 'தி' வருவதும் அதனால்தான். ஆனால் பௌர்ணமி நிலவு மாதாமாதம் வருவது, ஆகவே 'எ ஃபுல் மூன்' என்பதில் தப்பில்லை.

எ போடுவதா, ஆன் போடுவதா? ஏ, இ, ஐ, ஓ, யு என்ற எழுத்துகளைப் பார்த்தால் போதுமா?

போதாது. எழுத்தைப் பார்க்கவே கூடாது, காதால் கேட்க வேண்டும். உயிரொலியில் தொடங்கினால் ஆன், இல்லையென்றால் எ.

இதில் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழில் எழுதுவது ஒலியைத்தான், அதனால் அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள், முதல் எழுத்து உயிரெழுத்தாக இருந்தால் ஆன். மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஹெச் தான் முதல் எழுத்து, தமிழில் எழுதினால் 'அவர்', ஆகவே 'ஆன் அவர்'. 'ஆனஸ்ட்' அப்படியே. யூனிவர்சிட்டி, யூனிஃபார்ம், யூரோப்பியன் எல்லாம் யகரத்தில் தொடங்குகின்றன, ஆகவே 'எ'. சுருக்கப் பெயர்களுக்கும் இது அருமையாகப் பொருந்தும்: ஆன் எம்.எல்.ஏ., ஆன் எஃப்.ஐ.ஆர்., ஆன் எஸ்.ஐ., ஆனால் எ டி.எஸ்.பி., எ யு.பி.எஸ்.சி. எக்ஸாம். ஒரு, ஓர் என்று நாம் பார்த்துப் போடுகிறோமே (ஒரு வீடு, ஓர் ஊர்), கிட்டத்தட்ட அதே கணக்கு.

இந்தச் சோதனை கைவிடும் இடங்கள் சில உண்டு, அவற்றுக்குக் காரணம் நம் உச்சரிப்பு. 'ஒன்' என்று நாம் எழுதுவதை ஆங்கிலேயர் 'வன்' என்று சொல்வார்கள், எனவே 'எ ஒன்-வே ரோடு'. பெண்ணைக் குறிக்கும் சொல்லை நம்மில் பலர் 'உமன்' என்று தொடங்குகிறோம், அங்கே ஆங்கிலத்தில் வகரம் கேட்கும், ஆகவே 'எ வுமன்'. மரத்துக்கான 'வுட்', கம்பளிக்கான 'வுல்' எல்லாம் அப்படித்தான். ஆண்டு, காது இரண்டையும் நாம் 'இயர்' என்றே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஆண்டுக்கு முன்னால் ஒரு யகரம் உண்டு, காதுக்குக் கிடையாது. ஆகவே ஆண்டு என்றால் 'எ', காது என்றால் 'ஆன்'.

இன்னொன்று: ஒட்டி வரும் அடுத்த சொல்லைத்தான் பார்க்க வேண்டும், பெயர்ச்சொல்லை அல்ல. ஆன் அம்ப்ரெல்லா, ஆனால் எ பிளாக் அம்ப்ரெல்லா. எ புக், ஆனால் ஆன் ஓல்டு புக்.

ஆன் என்பதில் அந்த 'ன்' எங்கிருந்து வந்தது?

வரவில்லை, அதுதான் முதலிலிருந்தே இருந்தது. பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' என்று பொருள்படும் 'ஆன்' என்ற சொல்தான் தேய்ந்து ஆர்ட்டிகிள் ஆனது. மெய்யொலிக்கு முன்னால் காலப்போக்கில் 'ன்' உதிர்ந்து 'எ' ஆகிவிட்டது, உயிருக்கு முன்னால் மட்டும் தங்கிவிட்டது.

இந்த 'ன்' பல சொற்களில் இடம் மாறியும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. சமையலறையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன் ஒரு காலத்தில் 'நேப்ரன்'. 'எ நேப்ரன்' என்று சொல்லிச் சொல்லி 'ஆன் ஏப்ரன்' என்று பிரிந்துவிட்டது. நாப்கின் அதன் உறவுக்காரச் சொல், அதில் நகரம் இன்னும் இருக்கிறது. ஆடர் என்ற பாம்பும் முன்பு 'நாடர்' தான். நிக்நேம் என்ற சொல்லில் நடந்தது இதற்கு நேர் எதிர்: கூடுதல் பெயர் என்ற பொருளில் 'ஆன் ஈக்நேம்' என்று இருந்ததிலிருந்து 'ன்' நகர்ந்து பெயரோடு ஒட்டிக்கொண்டது.

ஆரஞ்சும் முதலில் நகரத்தில் தொடங்கிய சொல்தான், ஸ்பானிய மொழியில் இன்னும் 'நாரன்ஹா' என்கிறார்கள். அதன் வேர் நம் நாரத்தை, மலையாளத்து நாரங்கா இருக்கும் திராவிடக் குடும்பம் என்பது சொல்லாய்வாளர்கள் பலரின் கருத்து. ஆனால் அந்த நகரம் ஆங்கிலத்துக்கு வரும் முன்பே பிரெஞ்சு, இத்தாலியம் போன்ற மொழிகளில் உதிர்ந்துவிட்டது.

எங்கே எதுவுமே போடக் கூடாது?

பன்மையில் பொதுவாகப் பேசும்போது. 'டாக்ஸ் பார்க்' என்றால் நாய்கள் குரைக்கும். 'தி டாக்ஸ் ஆர் பார்க்கிங்' என்றால் நம் தெரு நாய்கள் இப்போது குரைக்கின்றன.

எண்ண முடியாத பொருள்களைப் பொதுவாகச் சொல்லும்போதும் அப்படியே: வாட்டர், ரைஸ், மணி, லவ். இங்கே நாம் வழுக்கும் சொற்கள் சில உண்டு. அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ், ஹோம்வொர்க், நியூஸ், எக்விப்மென்ட். தமிழில் 'ஒரு அட்வைஸ் சொல்றேன்' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம், ஆங்கிலத்தில் 'ஆன் அட்வைஸ்' கிடையாது, 'சம் அட்வைஸ்' அல்லது 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்'. பன்மையும் ஆகாது, 'ஃபர்னிச்சர்ஸ்' என்று ஒரு சொல் கடைப் பலகைகளில் மட்டும்தான் இருக்கிறது.

மை, யுவர், ஹிஸ், ரவி'ஸ் என்று உடைமை வந்துவிட்டால் ஆர்ட்டிகிளுக்கு அங்கே இடமில்லை. மொழிப் பெயர்கள், விளையாட்டுகள், பெரும்பாலான நோய்கள் எல்லாவற்றுக்கும் தேவையில்லை: ஐ ஸ்பீக் தமிழ், வீ ப்ளே கிரிக்கெட், ஷி ஹாஸ் டயபடீஸ். ஆனால் காய்ச்சல், தலைவலி, சளி மூன்றுக்கும் 'எ' வேண்டும்: 'ஐ ஹாவ் எ ஃபீவர்', 'எ ஹெடேக்', 'எ கோல்டு'. விடுப்புக் கடிதத்தில் நம்மில் பலர் இந்த 'எ'-வை மறந்துவிடுகிறோம்.

ஸ்கூலுக்குப் போகிறேன் என்பதற்கு 'தி' வருமா வராதா? கோவிலுக்கு?

மாணவர் படிக்கப் போனால் 'கோ டு ஸ்கூல்'. அப்பா கட்டணம் கட்டப் போனால் 'கோ டு தி ஸ்கூல்'. எந்த வேலைக்காக அந்த இடம் இருக்கிறதோ அதற்காகவே போனால் 'தி' விழுந்துவிடும், வேறு காரியமாகப் போனால் அது வெறும் கட்டடம், 'தி' வரும். ஜெயில், காலேஜ், சர்ச், பெட் எல்லாம் இப்படி. மருத்துவமனையில் நோயாளியாக இருப்பதை பிரிட்டிஷார் 'இன் ஹாஸ்பிட்டல்' என்பார்கள், அமெரிக்கர்கள் அங்கேயும் 'இன் தி ஹாஸ்பிட்டல்' தான்.

சர்ச்சுக்கு வரும் இந்தச் சலுகை கோவிலுக்கு வராது. சாமி கும்பிடத்தான் போகிறோம் என்றாலும் 'டு தி டெம்பிள்' என்பதுதான் பொதுவான வழக்கு, மசூதிக்கும் 'டு தி மாஸ்க்'. வழிபாட்டுக்குப் போவதைச் சொல்லும் தொடராக சர்ச் மட்டும் இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாகத் தேய்ந்து பழகிவிட்டது, அதுதான் காரணம். 'ஐ ஆம் கோயிங் டு ஆஃபீஸ்' என்பதை இந்தியா முழுக்கச் சொல்கிறோம், இங்கே யாரும் திருத்தப் போவதில்லை. வெளியில் எழுதும்போது 'டு தி ஆஃபீஸ்' அல்லது 'டு வொர்க்' என்று எழுதுங்கள். பேங்க், மார்க்கெட், போஸ்ட் ஆஃபீஸ், ஸ்டேஷன் எல்லாவற்றுக்கும் 'தி' வேண்டும். வீட்டுக்கு மட்டும் 'கோ ஹோம்', 'டு' கூட வராது.

ஊர், ஆறு, மலைப் பெயர்களுக்கு?

ஆறு, கடல், மலைத்தொடர், தீவுக்கூட்டம் நான்குக்கும் 'தி': தி காவேரி, தி பே ஆஃப் பெங்கால், தி வெஸ்டர்ன் காட்ஸ், தி நீல்கிரிஸ், தி அந்தமான்ஸ். தனிச் சிகரத்துக்கு வராது, தொட்டபெட்டாவும் எவரெஸ்டும் வெறுமனே நிற்கும். தனித் தீவு, தனி ஏரி, நகரம், மாநிலம், சாலை எதற்கும் வராது: ஸ்ரீலங்கா, கொடைக்கானல் லேக், மதுரை, தமிழ்நாடு, அண்ணா சாலை. நெதர்லாந்தில் இருக்கும் தி ஹேக் ஒரு விதிவிலக்கு.

நாடுகளில் யுனைடெட், ரிபப்ளிக் போன்ற பொதுச்சொல் பெயருக்குள் இருந்தாலோ பெயரே பன்மையாக இருந்தாலோ 'தி' வரும்: தி யுனைடெட் கிங்டம், தி யு.ஏ.இ., தி ஃபிலிப்பைன்ஸ், தி மால்டிவ்ஸ். உக்ரைனை முன்பு 'தி உக்ரைன்' என்று எழுதுவார்கள். 1991இல் அது தனிநாடான பிறகு அங்குள்ளவர்கள் 'தி' வேண்டாம் என்றார்கள், அது ஒரு நாட்டை ஏதோ வட்டாரம் போல ஒலிக்கச் செய்கிறது என்பதால். இன்று பெரும்பாலான செய்தி நிறுவனங்கள் வெறும் உக்ரைன் என்றே எழுதுகின்றன.

பெயருக்குள் 'ஆஃப்' வந்தால் முன்னால் 'தி' வரும் என்று ஞாபகம் வையுங்கள், பெரும்பாலும் ஏமாற்றாது. தி யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ், ஆனால் அண்ணா யுனிவர்சிட்டி. தி கவர்ன்மென்ட் ஆஃப் இந்தியா, ஆனால் இந்தியா.

'தி சி.பி.ஐ.' என்கிறார்கள், 'தி இஸ்ரோ' என்பதில்லையே?

நல்ல கேள்வி. அரசு அமைப்புகள், உலக அமைப்புகளின் சுருக்கப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னால் 'தி' வரும்: தி சி.பி.ஐ., தி ஆர்.பி.ஐ., தி யு.என். ஒரே சொல்லாகச் சேர்த்துப் படித்தால் அது ஆள் பெயர் போல ஆகிவிடும், 'தி' போய்விடும்: இஸ்ரோ, நாசா, யுனெஸ்கோ. கல்லூரிப் பெயர்களும் கம்பெனிப் பெயர்களும் எழுத்தெழுத்தாகச் சொன்னாலும் 'தி' எடுப்பதில்லை: ஐ.ஐ.டி. மெட்ராஸ், ஐ.பி.எம்.

ஒரு 'எ' இருப்பதாலும் இல்லாததாலும் அர்த்தமே மாறுமா?

மாறும். 'ஐ ஹாவ் எ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்' என்றால் எனக்குச் சில நண்பர்கள் இருக்கிறார்கள், சந்தோஷம். 'ஐ ஹாவ் ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்' என்றால் எனக்கு நண்பர்கள் இல்லாத குறை. 'எ லிட்டில்', 'லிட்டில்' இரண்டுக்கும் இதே வித்தியாசம்.

உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1969 ஜூலையில் நிலவில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங் சொன்னது, 'ஒன் ஸ்மால் ஸ்டெப் ஃபார் மேன், ஒன் ஜயன்ட் லீப் ஃபார் மேன்கைண்ட்' என்றுதான் பூமியில் கேட்டது. மனிதனுக்கு ஒரு சிறிய அடி, மனித குலத்துக்கு ஒரு பெரிய பாய்ச்சல். ஆனால் ஆர்ட்டிகிள் இல்லாத 'மேன்' என்றாலே மனித குலம் என்றுதான் பொருள்! அப்படிப் பார்த்தால் இரண்டு பாதியும் ஒன்றையே சொல்லி முட்டிக்கொள்கின்றன. 'ஃபார் எ மேன்', அதாவது ஒரு தனி மனிதனுக்கு, என்பதுதான் தான் சொல்ல நினைத்தது என்று ஆர்ம்ஸ்ட்ராங் பிறகு விளக்கினார். அந்த 'எ' ஒலிபரப்பில் விழுங்கப்பட்டதா, வாயில் வரவேயில்லையா என்று இன்னமும் ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு வாதம் நடக்கிறது.

செய்தித்தாள் படித்துப் பழகினால் வந்துவிடுமா?

வரும், தலைப்புகளை மட்டும் விட்டுவிடுங்கள். இடத்தை மிச்சம் பிடிக்கத் தலைப்பில் ஆர்ட்டிகிளை வெட்டிவிடுவார்கள், அதைப் பார்த்து எழுதினால் எல்லாமே தந்தி மாதிரி இருக்கும். செய்தியின் உள்ளே முதல் இரண்டு பத்தியை எடுத்து, எ, ஆன், தி மூன்றையும் பென்சிலால் அடித்துவிட்டு, மறுநாள் நீங்களே நிரப்பிப் பாருங்கள். முதல் பத்தியில் 'எ' என்று அறிமுகமான ஆள் இரண்டாம் பத்தியில் 'தி' ஆவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விதிகள் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இது நூறு மடங்கு மேல் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இன்டர்வியூவில் என்னைப் பற்றிச் சொல்ல இப்படி எழுதி வைத்திருக்கிறேன், சரியா? 'ஐ ஆம் சிவில் எஞ்சினியர். ஐ வொர்க் இன் ப்ரைவேட் கம்பெனி இன் தி கோயம்புத்தூர். மை ஃபாதர் இஸ் தி ஃபார்மர். ஐ ஆம் ஃபர்ஸ்ட் கிராஜுவேட் இன் மை ஃபேமிலி.'

விஷயம் நன்றாக இருக்கிறது, ஆர்ட்டிகிளை மட்டும் சரிசெய்வோம். தமிழில் 'நான் எஞ்சினியர்' என்றால் போதும், ஆங்கிலத்தில் தொழிலைச் சொல்லும்போது 'எ' கட்டாயம்: 'ஐ ஆம் எ சிவில் எஞ்சினியர்'. சிவில் என்ற சொல் நடுவில் வந்ததால் 'எ', அது இல்லையென்றால் 'ஆன் எஞ்சினியர்'. கம்பெனி எது என்று எதிரில் இருப்பவருக்கு இன்னும் தெரியாது, ஆகவே 'எ ப்ரைவேட் கம்பெனி'. கோயம்புத்தூர் ஊர்ப் பெயர், 'தி'-யை எடுத்துவிடுங்கள். அப்பா பல விவசாயிகளில் ஒருவர், ஆகவே 'எ ஃபார்மர்'. 'தி ஃபார்மர்' என்றால் 'எந்த விவசாயி, முன்னாலேயே சொன்னீர்களா?' என்று அவர்கள் யோசிப்பார்கள். கடைசி வாக்கியத்தில் முதல் பட்டதாரி ஒருவர்தான் இருக்க முடியும், அது நீங்கள், ஆகவே 'தி ஃபர்ஸ்ட் கிராஜுவேட் இன் மை ஃபேமிலி'. அந்த 'தி'-யைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்லுங்கள்.